வீட்டிலிருந்து வேலை செய்பவரின் பயணச் செலவும் சாப்பாட்டுச் செலவும்: பிரிட்டனில் எதற்குப் பணம் கேட்கலாம்?

நீங்கள் மில்டன் கீன்ஸில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் வேலை செய்யும் இடம் 'வீடு' என்றே போட்டிருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ரயிலேறி மான்செஸ்டருக்குப் போய், ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு இரவு ஒன்பது மணிக்குத் திரும்புகிறீர்கள். டிக்கெட், மதியச் சாப்பாடு, வரும் வழியில் ஸ்டேஷனில் வாங்கிய சாண்ட்விச் என்று மூன்று ரசீதுகளையும் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினால் முழுப்பணமும் வந்துவிடுகிறது. அடுத்த வாரம் லண்டன் அலுவலகத்தில் வழக்கமான கூட்டம். அந்த டிக்கெட்டையும் அனுப்புகிறீர்கள். இந்த முறை "இது வராது" என்கிறார்கள். அல்லது பணம் வருகிறது, ஆனால் சம்பளச்சீட்டில் அதற்கு வரி பிடித்திருக்கிறார்கள்.

இரண்டுமே வேலைக்காகப் போன பயணம்தானே, ஏன் இப்படி? வீட்டிலிருந்து வேலை செய்கிற பலருக்கும் இந்தக் கேள்வி வருகிறது. "நான் வீட்டில் வேலை செய்பவன், அதனால் வாசற்படி தாண்டினாலே அது அலுவல் பயணம்" என்று நினைத்துக்கொள்வதுதான் குழப்பத்துக்குக் காரணம். பிரிட்டனின் வருமான வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. கணக்குப் பார்க்கும் விதம் வேறு. நீங்கள் எங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்பதைவிட, போய்ச் சேரும் இடம் உங்களுக்கு என்ன மாதிரியான இடம் என்பதைத்தான் அது முதலில் பார்க்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 'கிளெயிம்' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு விஷயங்களுக்குச் சொல்கிறோம். ஒன்று, செலவழித்த பணத்தை நிறுவனத்திடமிருந்து திரும்ப வாங்குவது. 90 பவுண்ட் டிக்கெட் என்றால் 90 பவுண்டும் கைக்கு வரும். இன்னொன்று, நிறுவனம் தராத செலவுக்கு எச்.எம்.ஆர்.சி.யிடம் வரிச்சலுகை கேட்பது. இதில் 90 பவுண்ட் வராது. அந்த 90 பவுண்டுக்கு நீங்கள் கட்டிய வரி மட்டும்தான் வரும். 20 சதவீத வரி கட்டுபவருக்கு 18 பவுண்ட், 40 சதவீதம் கட்டுபவருக்கு 36 பவுண்ட். (ஸ்காட்லாந்தில் வருமான வரி விகிதங்கள் வேறு, கணக்குப் போடும் முறை இதேதான்.) வரியே கட்டாதவருக்கு எதுவும் வராது. "வரித்துறை எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிடும்" என்று நம்பி, நிறுவனத்திடம் கேட்காமல் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் நிறுவனத்திடம் கேளுங்கள். கூச்சப்பட வேண்டியதே இல்லை, அவர்களுடைய வேலைக்காகத்தான் செலவு செய்தீர்கள்.

ஆனால் நிறுவனம் தந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. தருவதும் தராததும் நிறுவனத்தின் விருப்பம். தந்த பணத்துக்கு வரி உண்டா இல்லையா என்பதைச் சட்டம் முடிவு செய்கிறது. லண்டன் கூட்டத்து டிக்கெட் பணத்தில் வரி பிடித்தது அதனால்தான்.

நிரந்தர வேலையிடம், தற்காலிக வேலையிடம்

இப்போதுள்ள பயண விதிகள் 1998 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தவை. பின்னால் 2003-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் சேர்ந்தன. அதில் ஊழியர் போகிற இடங்கள் இரண்டு வகை. வழக்கமாகப் போய் வேலை பார்க்கும் இடம் நிரந்தர வேலையிடம். குறிப்பிட்ட காலத்துக்கோ, தற்காலிகமான ஒரு காரணத்துக்கோ போகும் இடம் தற்காலிக வேலையிடம்.

வீட்டிலிருந்து தற்காலிக வேலையிடத்துக்குப் போவது அலுவல் பயணம். அதன் செலவை நிறுவனம் தந்தால் வரி இல்லை, தராவிட்டால் வரிச்சலுகை கேட்கலாம். வீட்டிலிருந்து நிரந்தர வேலையிடத்துக்குப் போவது எல்லோரும் தினமும் செய்கிற, வேலைக்குப் போய்வரும் பயணம்தான். அதற்குச் சலுகை கிடையாது. நிறுவனம் அந்தப் பணத்தைத் தந்தால் அது சம்பளத்தோடு சேர்ந்த பணமாகி, அதற்கு வருமான வரியும் தேசியக் காப்பீட்டுத் தொகையும் உண்டு.

மான்செஸ்டர் வாடிக்கையாளரின் இடம் தற்காலிகமானது. லண்டன் அலுவலகமோ, வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே போனாலும், மாதத்துக்கு இரண்டு நாள் மட்டுமே போனாலும், அது ஒரு வழக்கமாகிவிட்டது என்றால் நிரந்தர வேலையிடம் ஆகிவிடுகிறது. எத்தனை நாள் என்பதைவிட அது ஒரு முறையாக, திரும்பத் திரும்ப நடக்கிறதா என்பதற்குத்தான் எடை அதிகம். அங்கே உங்களுக்கென்று ஒரு மேசை இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

"ஒப்பந்தத்தில் வீடு என்று போட்டிருக்கிறதே" என்பீர்கள். போட்டிருப்பது நல்லதுதான், ஆனால் அந்த ஒரு வரி மட்டும் போதாது. உண்மையில் என்ன நடக்கிறது என்றும் பார்ப்பார்கள். 2002-இல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு அப்படியே நம் நிலைமைதான். ஓர் அரசு ஊழியர் தன் துறையின் திட்டப்படி விருப்பப்பட்டு வீட்டிலிருந்து வேலை செய்தார், வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் லீட்ஸ் அலுவலகத்துக்குப் போய்வந்தார். அந்தப் பயணச் செலவுக்கு அவர் கேட்ட சலுகை கிடைக்கவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்தது அவருடைய தேர்வு, அந்த வேலை அவரை அங்கே இருக்கக் கட்டாயப்படுத்தவில்லை என்பதுதான் விஷயம்.

இந்தப் பார்வை நேற்று வந்ததில்லை. 1925-இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்ன வழக்கொன்று உண்டு. லண்டனில் வசித்துக்கொண்டே போர்ட்ஸ்மத் நகரில் நீதிபதி வேலையும் பார்த்த வழக்கறிஞர் ஒருவர், அங்கே போய்வரும் ரயில் கட்டணத்தையும் தங்கும் விடுதிச் செலவையும் கழிக்கக் கேட்டார். வேலை போர்ட்ஸ்மத்தில் தொடங்கி போர்ட்ஸ்மத்திலேயே முடிகிறது, லண்டனில் குடியிருப்பது உங்கள் சொந்த விருப்பம் என்று மறுத்துவிட்டார்கள். நூறு வருடம் கழித்தும் எச்.எம்.ஆர்.சி.யின் பேச்சு இதையொட்டித்தான் போகிறது: எங்கே வாழ்கிறோம் என்பது நம் விருப்பம், அதனால் வரும் செலவும் நம்முடையது.

அப்படியானால் வீடும் ஒரு வேலையிடம், அங்கிருந்து அலுவலகம் போவதும் அலுவல் பயணம் என்று எப்போதுமே ஆகாதா? ஆகும். உங்கள் வேலையின் முக்கியமான பகுதியை வீட்டில் செய்தே தீரவேண்டிய நிலை இருந்தால் ஆகும். உங்களுக்குத் தேவையான வசதி நிறுவனத்தின் எந்த அலுவலகத்திலும் இல்லை, அல்லது தினமும் போய்வர முடியாத தூரத்தில் வாழ வேண்டியதே அந்த வேலையின் தேவை என்பது போன்ற நிலைகள். ஸ்காட்லாந்தின் வடக்கே ஒரு பகுதியைக் கவனிக்க நியமிக்கப்பட்ட விற்பனையாளருக்கு அங்கே அலுவலகமே இல்லை என்றால், அவர் நிலைமை வேறு. ஆனால் இதை எச்.எம்.ஆர்.சி. குறுகலாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அலுவலகத்தில் இடம் இருந்தும் நீங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் இதை நம்பி இறங்க வேண்டாம்.

கவலைப்பட வேண்டாத பக்கமும் உண்டு. வீடு 'வேலையிடம்' என்று ஒப்புக்கொள்ளப்படாவிட்டாலும்கூட, வீட்டிலிருந்து தற்காலிக வேலையிடத்துக்குப் போகும் பயணத்துக்குச் சலுகை உண்டு. வாடிக்கையாளரின் அலுவலகம், வேறு ஊரில் இரண்டு நாள் பயிற்சி, கண்காட்சி, வேறொரு கிளையில் ஒரு மாத வேலை எல்லாம் இதில் வரும். வீட்டிலிருந்து வேலை செய்கிற பெரும்பாலோருக்கு உண்மையில் இதுதான் தேவை. வீடே வேலையிடம் என்று வாதாடவேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்காது.

சரி, தற்காலிகம் எதுவரை தற்காலிகம்? இங்கே இரண்டு எண்கள் வருகின்றன: 24 மாதம், 40 சதவீதம். ஒரே இடத்தில் உங்கள் வேலை நேரத்தில் 40 சதவீதமோ அதற்கு மேலோ செலவழித்து, அந்த நிலை 24 மாதத்துக்கு மேல் நீண்டால், அல்லது நீளும் என்று தெரிந்தால், அது நிரந்தர வேலையிடம். 'தெரிந்தால்' என்பதைக் கவனியுங்கள். 18 மாத வேலை என்று சொல்லி வாடிக்கையாளரிடம் அனுப்புகிறார்கள். பத்தாவது மாதத்தில் அதை மூன்று வருடமாக நீட்டுகிறார்கள். அப்படியென்றால் நீட்டுகிறார்கள் என்று தெரிந்த அன்றே சலுகை நின்றுவிடும், 24 மாதம் முடியும்வரை ஓடாது. அதுவரை வாங்கிய பத்து மாதத்துக்குப் பாதிப்பில்லை. அப்புறம், ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வேலைக்கு எடுத்து, அந்தக் காலம் முழுவதும் ஒரே இடத்துக்கு அனுப்பினால், அது ஆறு மாதமே ஆனாலும் நிரந்தர இடம்தான்.

இந்த 40 சதவீதத்தைப் பலர் தலைகீழாகப் படிக்கிறார்கள். "நான் வாரத்துக்கு ஒரு நாள்தானே அலுவலகம் போகிறேன், 20 சதவீதம்தானே ஆகிறது, அதனால் அது தற்காலிக இடம்" என்கிறார்கள். அப்படி இல்லை. அந்த எண் 24 மாத விதிக்கு மட்டும் உரியது. காலவரையறை எதுவும் இல்லாமல் வாராவாரம் போகிற அலுவலகத்துக்கு அது கேடயம் ஆகாது. நன்றாகப் படித்தவர்களே தடுக்கி விழுகிற இடம் இது.

ரயிலில் லேப்டாப்பைத் திறந்து வேலை செய்துகொண்டே போனால்? பயணத்தின் தன்மை மாறாது. மேலாளர் திடீரென்று கூப்பிட்டு அலுவலகத்துக்கு ஓடினால்? உங்கள் நிரந்தர வேலையிடம் என்றால் அதுவும் போய்வரும் பயணம்தான்.

சாப்பாடு பயணத்தின் பின்னால்தான் வரும்

சாப்பாட்டுச் செலவுக்குத் தனியாக ஒரு கதவு கிடையாது. பயணம் அலுவல் பயணமாக இருந்தால், அந்தப் பயணத்தால் வந்த சாப்பாடும் தங்குவதும் பயணச் செலவின் பகுதி. பயணம் தகுதி பெறாவிட்டால் சாப்பாடும் பெறாது. வீட்டில் வேலை செய்கிற நாளில் மதியம் கடையில் வாங்கிச் சாப்பிட்டாலும், மாற்றத்துக்காக ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து வேலை செய்துவிட்டு இரண்டு காபி குடித்தாலும் அது உங்கள் சொந்தச் செலவு. லண்டன் அலுவலகத்துக்குப் போன நாளின் மதியச் சாப்பாடும் அதே கதைதான்.

மான்செஸ்டர் நாளில் கதை மாறுகிறது. அன்று வாங்கிச் சாப்பிட்டது முழுவதும் சேரும். "வீட்டில் இருந்தாலும் சாப்பிட்டுத்தானே இருப்பீர்கள், அதைக் கழித்துக்கொள்கிறோம்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இது எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் அதற்கு எதுவும் கேட்க முடியாது. பயணம் தொடங்கிய பிறகு காசு கொடுத்து வாங்கிய சாப்பாடாக இருக்க வேண்டும்.

நிறுவனங்கள் பல, ரசீதுக்கு ரசீது பார்க்காமல் ஒரு நிலையான தொகையைத் தருகின்றன. எச்.எம்.ஆர்.சி. இதற்கு வரியில்லாத வரம்புகள் வைத்திருக்கிறது. வீட்டையோ வழக்கமான வேலையிடத்தையோ விட்டு 5 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளியே இருந்தால் 5 பவுண்ட். 10 மணி நேரம் என்றால் 10 பவுண்ட். 15 மணி நேரமாகி, இரவு 8 மணிக்கும் பயணத்திலேயே இருந்தால் 25 பவுண்ட். வெளியூரில் இரவு தங்கினால், துணி துவைப்பது, வீட்டுக்குப் போன் பேசுவது போன்ற சில்லறைச் செலவுக்காகப் பிரிட்டனுக்குள் ஒரு இரவுக்கு 5 பவுண்டும் வெளிநாட்டில் 10 பவுண்டும் வரியில்லாமல் தரலாம்.

இந்த நிலையான தொகைகள் நிறுவனம் உங்களுக்குத் தருவதற்கு மட்டும்தான். நிறுவனம் தரவில்லை என்பதற்காக நீங்களே எச்.எம்.ஆர்.சி.யிடம் "அன்று பத்து மணி நேரம் வெளியே இருந்தேன், 10 பவுண்டுக்குச் சலுகை கொடுங்கள்" என்று கேட்க முடியாது. நீங்களே கேட்கும்போது உண்மையில் செலவான தொகை, அதற்கான ரசீது, இவ்வளவுதான்.

சொந்தக் காரில் போனால்

இங்கே பெட்ரோல் ரசீதைச் சேர்த்துவைத்துக்கொண்டு அலைய வேண்டாம். மைல் கணக்குதான். 2011 ஏப்ரல் முதல் காருக்கும் வேனுக்கும் ஒரு வரி ஆண்டின் முதல் 10,000 அலுவல் மைலுக்கு மைலுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25 பென்ஸ் என்று வரியில்லாத அளவை வைத்தார்கள். மோட்டார் சைக்கிளுக்கு 24, சைக்கிளுக்கு 20. பெட்ரோல், காப்பீடு, பழுதுபார்ப்பு, டயர் தேய்மானம் எல்லாம் இந்த 45 பென்ஸுக்குள் அடக்கம், தனியாகக் கேட்கக் கூடாது. பார்க்கிங் கட்டணம், சுங்கம், லண்டன் நெரிசல் கட்டணம் ஆகியவை தனி. அபராதச் சீட்டு வந்தால் அது உங்கள் பாடு.

உங்கள் நிறுவனம் மைலுக்கு 25 பென்ஸ்தான் தருகிறது என்று வையுங்கள். ஒரு வருடத்தில் 1,200 மைல் வாடிக்கையாளர்களைப் பார்க்க ஓட்டியிருக்கிறீர்கள். 45 பென்ஸ் வீதம் 540 பவுண்ட் ஆக வேண்டும். வந்தது 300. மீதி 240 பவுண்டுக்கு நீங்கள் வரிச்சலுகை கேட்கலாம். 20 சதவீதத்தில் 48 பவுண்ட், 40 சதவீதத்தில் 96. நிறுவனம் ஏதோ தந்துவிட்டதே என்று இந்த இடைவெளியைக் கேட்காமல் விடுவது நிறையப் பேரிடம் நடக்கிறது. இது உங்களுக்குச் சேர வேண்டிய பணம். மைலுக்கு 45 பென்ஸுக்கு மேல் தருகிற நிறுவனமாக இருந்தால், கூடுதலாக வந்ததற்கு வரி உண்டு.

எப்படிக் கேட்பது

ஒரு வருடத்துக்கான செலவு 2,500 பவுண்டுக்குள் இருந்தால் பி87 என்ற படிவம். அதற்கு மேல் போனால், அல்லது ஏற்கெனவே சுயமாக வரிக்கணக்குத் தாக்கல் செய்கிறவராக இருந்தால், அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து பி87-உடன் ஆதாரமும் கேட்கிறார்கள். சாப்பாட்டுக்கும் தங்கியதற்கும் இடத்தின் பெயரும் தேதியும் தெரிகிற ரசீது. காருக்கு, ஒவ்வொரு பயணத்துக்கும் காரணமும், கிளம்பிய இடத்தின் போஸ்ட்கோடும் சேர்ந்த இடத்தின் போஸ்ட்கோடும் உள்ள மைல் பதிவு. வங்கிக் கணக்கில் 'ரயில், 87 பவுண்ட்' என்று ஒரு வரி இருப்பது மட்டும் போதாது.

அதனால் குறித்துவைக்கும் பழக்கம் ஒன்றுதான் இதில் உண்மையான உழைப்பு. பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். போனில் ஒரு அட்டவணை போதும். தேதி, எங்கிருந்து, எங்கே, எத்தனை மைல், எதற்காக. 'எதற்காக' என்ற கட்டத்தில் 'மீட்டிங்' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த வாடிக்கையாளர், என்ன வேலை என்று எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்து அதைப் படிக்கப்போவது உங்களைத் தெரியாத ஒருவர். ரசீதை அன்றைக்கே படம் பிடித்துவிடுங்கள், கடை ரசீதின் மை சில மாதத்தில் வெளிறிப் போகும்.

பணத்தை வாங்கித் தருகிறோம் என்று பங்கு கேட்கும் நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. எச்.எம்.ஆர்.சி.யிடம் நேரடியாகக் கேட்பதற்குக் கட்டணமே கிடையாது. ஒரு சாதாரண பி87-க்கு நடுவில் ஆள் தேவையில்லை.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று, வீட்டில் வேலை செய்வதற்கான மின்சார, வெப்பச் செலவுக்காக வாரத்துக்கு 6 பவுண்ட் என்று இருந்த சலுகை. அது பயணத்தோடு தொடர்பில்லாத தனி விஷயம். 2026 ஏப்ரல் 6 முதல் ஊழியரே அதை எச்.எம்.ஆர்.சி.யிடம் கேட்கும் வழியை மூடிவிட்டார்கள். நிறுவனம் விரும்பினால் தரலாம். பயணச் செலவுக்கான சலுகையை இது தொடவில்லை, அதனால் "எல்லாமே நின்றுவிட்டதாமே" என்று யாராவது சொன்னால் நம்பி விட்டுவிடாதீர்கள்.

பழைய வருடங்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வரி ஆண்டு முடிந்ததிலிருந்து நான்கு வருடம் வரை கேட்கலாம். 2023 ஏப்ரல் 5-இல் முடிந்த ஆண்டுக்கு 2027 ஏப்ரல் 5 கடைசி நாள். பழைய காலண்டரில் இருக்கும் வாடிக்கையாளர் சந்திப்புகள், மின்னஞ்சலில் கிடக்கும் ரயில் டிக்கெட்டுகள், அப்போது நிறுவனம் தந்த மைல் தொகை, இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் போதும்.